குதிரை லொறி விற்ற கதை

குதிரை விற்ற கதை நம்மவர்க்குப் புதிதன்று. பாண்டிய மன்னனின் பொருளோடு குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் அப்பொருளைத் திருப்பெருந்துறையிலே இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், அன்றிரவே அப்பரிகள் மீண்டும் நரிகளானதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆயின், குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியை விற்ற கதையை நம்மவர் எவரும் எழுதியதாக நான் அறியேன். சென்ற ஆண்டில் இங்கிலாந்திலே அத்தகைய வண்டியொன்றை நான் விற்றேன். வாங்கியவர் தந்த பணத்தைக் காட்டிலும் அவ்விற்பனை எனக்குத் தந்த சிந்தனை பெரிது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்திலே பிறந்து, 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்து சேர்ந்து, வாரநாள்களில் கணக்கெழுதும் உத்தியோகமும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியப் பணியுமாக வாழ்ந்த ஒருவனுக்குக் குதிரை லொறி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். விடை எங்கள் மகள். எசெக்ஸ் மாகாணத்திலே நாங்கள் குடியிருந்த தெருவின் முடிவில் ஒரு பண்ணை, அப்பண்ணையிலே குதிரைகள். பத்து வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளை, பதினோராம் வயதில் வேலிக்கு உள்ளே நின்று சாணம் அள்ளினாள். பதினான்காம் வயதில், கபில நிறமும் நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் உடைய ஒரு குதிரை அவளுக்கென வந்தது. பார்லி என்று அதற்குப் பெயர். குதிரை வந்தால் போட்டிகள் வரும். போட்டிகள் வந்தால் குதிரையை அங்கே கொண்டுசெல்ல வண்டி வேண்டும். 2009ஆம் ஆண்டில் பழைய லொறியொன்றை வாங்கினேன். ஆங்கிலேயர் அதனைக் ‘குதிரைப் பெட்டி’ என்பர். எங்கள் வீட்டில் அது என்றும் ‘குதிரை லொறி’யே.

அது 7.5 தொன் எடை வகையைச் சேர்ந்தது. முன்னே சாரதிக்கும் இருவருக்கும் இருக்கை. அதன் பின்னே கட்டிலும் சிறு அடுப்பும் உள்ள ஓர் ஒடுங்கிய அறை. அதற்கும் பின்னே மூன்று குதிரைகள் சாய்வாக நிற்கத்தக்க தட்டிகள். பின்புறக் கதவே கீழே சாய்ந்து குதிரை ஏறும் பாலமாகும். எண்ணெய் மணமும் வைக்கோல் மணமும் குதிரை வியர்வையும் ஒன்றாய்க் கலந்த வாசனையொன்று அதற்குண்டு. மழை நாள்களில், போட்டி முடியுமட்டும் அந்த அறையில் இருந்து நான் திருத்திய தமிழ்ப் பயிற்சிக் கொப்பிகளிலும் அவ்வாசனை ஏறியிருக்கும். பிள்ளைகள் கொப்பியை மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

மறைவிலே பிறந்த வண்டி

இவ்வகை வண்டியின் வரலாறு சுவையானது. பந்தயக் குதிரைகள் ஒருகாலத்தில் பந்தயத் திடலுக்கு நடந்தே சென்றன. ஒன்றிரண்டு வாரம் நடந்து, களைப்பாறி, அதன் பின்னரே ஓடும். 1836ஆம் ஆண்டில் டொன்காஸ்ரர் நகரில் செயின்ற் லெஜர் என்னும் புகழ்பெற்ற பந்தயம் நெருங்கியபோது, ஜோர்ஜ் பென்ரிங்க் பிரபுவின் எலிஸ் என்னும் குதிரை, இருநூறு மைலுக்கும் அப்பால், தென்திசையிலுள்ள குட்வூட்டில் இன்னும் தன் இலாயத்திலேயே நின்றது. இனி இது நடந்து வந்து சேர வழியில்லை எனப் பந்தயம் கட்டுவோர் முடிவு செய்தனர்; எலிஸின் மேல் கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் பரிசு விகிதம் உயர்ந்தது. பிரபு தம் பணத்தைக் கட்டினார். உட்புறம் மெத்தை வைத்துத் தைத்த பெரிய வண்டியொன்றில் எலிஸை ஏற்றி, அவ்வண்டியை ஆறு குதிரைகளைக் கொண்டு இழுக்கச் செய்தார். சில நாள்களிலே டொன்காஸ்ரர் வந்து சேர்ந்த எலிஸ் களைப்பின்றி ஓடி வென்றது.

அதன் பின்னர் குதிரைகள் புகைவண்டியில் ஏறின. இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் வண்டியில் ஏறின. ஆயினும், குதிரை வண்டியைப் புகழடையச் செய்த அந்தப் பயணமே ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருந்ததால் வந்த இலாபத்துக்காக நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். என் லொறியை விற்கப் புகுந்த வேளையில் அந்தச் சிரிப்பு அடங்கிற்று.

ஏன் விற்க வேண்டும்? பார்லி தன் இருபத்து நான்காம் வயதிலே முதுமையால் இறந்தது. மகள் மணமாகி வடக்கே போய்விட்டாள். லொறி இரண்டு மாரிகாலமாகப் பண்ணை முற்றத்தில் சும்மா நின்றது. அதனோடு எனக்கும் எழுபது வயது நிறைந்தது. 1997ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் இந்நாட்டில் கார் ஓட்டும் சோதனையிலே தேறியவர்கள், வேறு சோதனையின்றியே 7.5 தொன் வரையுள்ள வண்டியை ஓட்டலாம். நான் 1986இல் தேறியவன். ஆனால் எழுபது வயதானபின் அவ்வுரிமை தொடர வேண்டுமாயின் மருத்துவரின் பரிசோதனையும் சான்றும் வேண்டும். என் கண்கள் அச்சோதனையை விரும்பவில்லை.

விற்பதும் எளிதன்று. 1997இன் பின்னர் தேறிய இளையோர், வேறொரு சோதனையில் தேறினாலன்றி, 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாது. ஆகவே இத்தகைய லொறியை ஓட்டத்தக்கவர்கள் ஆண்டுதோறும் முதுமையடைந்து குறைகின்றனர். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி முதல், காரின் பின்னே பெரிய பெட்டியை இழுத்துச் செல்வதற்கு இருந்த தனிச் சோதனையும் நீக்கப்பட்டது; பலர் அவ்வழியை நாடினர். இலண்டன் மாநகரின் எல்லைக்குள் பழைய கனவண்டி நுழைந்தால், அதன் புகையின் தரத்துக்கேற்ப நாளொன்றுக்கு 100 பவுணோ 300 பவுணோ கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே என் லொறிக்கு 6,500 பவுண் விலை குறித்தேன். அப்பணத்துக்கு முன்னமே ஒரு செலவும் குறித்திருந்தேன். பருத்தித்துறைக்கு அருகே எங்கள் பழைய வீட்டில் வாழும் அக்காவுக்குக் கூரை ஒழுகுகிறது. மாரி மழைக்கு முன்னர் ஓடு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

விரிப்பின் அடியில்

விற்பனைக்கு முன்னர் வண்டியைக் கழுவ வேண்டும் அல்லவா? ஒரு சனிக்கிழமை காலை தட்டிகளை அகற்றி, தளத்தின்மேல் கிடந்த கனத்த றப்பர் விரிப்பைச் சுருட்டினேன். பின்புறத்து இடப்பக்க மூலையிலே பலகை கறுத்திருந்தது. பெருவிரலால் அழுத்தினேன், ஈரப் பாணை அழுத்துவதுபோல் இருந்தது. திருப்புளியைக் கொண்டு குத்தினேன். அது தயங்காமல் உள்ளே இறங்கியது. பலகை உக்கிப் போயிருந்தது.

இதன் பொருளை, குதிரையோடு பழகாதவர்க்குச் சொல்ல வேண்டும். குதிரை நின்றபடியே பயணம் செய்கின்றது. வண்டி வளைவிலே திரும்பும்போதும் தடுப்பை அழுத்தும்போதும் அது தன் கால்களாலேயே தன்னைச் சமன்செய்து கொள்கின்றது. ஐந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உடல். அதனைத் தாங்குவன நான்கு குளம்புகள். கணநேரத்தில் அப்பாரத்தின் பெரும்பகுதி ஒரு குளம்பின்மேல் வந்துவிடும். குதிரையின் சிறுநீர் விரிப்பின் ஓரங்களிலே கசிந்து பலகைக்குள் இறங்கும். மேலே விரிப்பு மூடியிருப்பதால் அந்த ஈரம் உலராது. மரத் தளமாயின் உக்கும். அலுமினியத் தளமாயின் அரிக்கும். மேலிருந்து பார்ப்பவர்க்கோ வழுவழுப்பான கறுப்பு விரிப்பு மட்டுமே தெரியும். கனவண்டிகளுக்கு ஆண்டுதோறும் அரசாங்கச் சோதனை உண்டு. தடுப்பு, விளக்கு, சில்லு, அடிச்சட்டம் எல்லாம் பார்க்கப்படும். விரிப்பைச் சுருட்டி அதன் அடியில் உள்ளதைப் பார்ப்பது உரிமையாளன் கடமை.

அப்பலகையைக் கண்டவுடன் எனக்குப் பழையதொரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. லொறியை வாங்கிய மறு ஆண்டு, 2010 ஆகஸ்ட் மாதம், போட்டியொன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னாலே ஏதோ முறிந்த சத்தமும் அதனைத் தொடர்ந்து பேரதிர்ச்சியும். வீதியோரம் நிறுத்திவிட்டு ஓடிச் சென்று பக்கக் கதவைத் திறந்தேன். பார்லியின் பின்னங்கால் கணுக்காலுக்கு மேல்வரை தளத்துக்குள் இறங்கியிருந்தது. அது அலறவில்லை. நடுங்கியபடி என்னைப் பார்த்தது. மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டேயிருந்தாள். நான் கையில் அகப்பட்டதைக் கொண்டு பலகையைப் பெயர்த்தேன். எலும்பு முறியவில்லை. முன்னும் பின்னும் வாகனங்கள் இல்லாத கிராமத்து வீதியில், நான் மெதுவாக ஓட்டிய வேளையில் நடந்ததால் நாங்கள் பிழைத்தோம். தோல் உரிந்த அந்த இடத்தில் பின்னர் முளைத்த மயிர் வெண்மையாகவே முளைத்தது. சாகும்வரை அந்த வெள்ளை வளையம் அதன் காலிலே இருந்தது.

எனக்கு லொறியை விற்றவர் அந்தப் பலகையைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை. அவர் அறிந்து மறைத்தாரோ அறியாமலே விற்றாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் கேட்கவுமில்லை. அன்று முழுத் தளத்தையும் புதுப்பித்தேன். பதினைந்து ஆண்டுகளில், அதிலும் சும்மா நின்ற இரு மாரிகளில், பின்கதவின் ஓரத்தால் மழைநீரும் கசிந்து, புதுத் தளமும் பழந்தளமாயிற்று.

இத்தனையும் பட்டவனுக்கு இரண்டாம் எண்ணம் எதற்கு என்று வாசகர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தச்சர் ஒருவர் வந்து பார்த்து, உக்கிய பலகையையும் அதன் கீழுள்ள குறுக்குச் சட்டங்கள் இரண்டையும் மாற்ற 1,200 பவுண் வேண்டும் என்றபோது, பட்டறிவு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. பண்ணையிலே எனக்குப் பழக்கமான ஒருவர் அருகில் வந்து, “புதிய விரிப்பு இருநூறு பவுணுக்குக் கிடைக்கும். அதை விரித்துவிடுங்கள். பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. நீங்கள் பொய் ஒன்றும் சொல்லப் போவதில்லையே?” என்றார். அவர் கெட்டவரல்லர். சந்தையின் வழமையைச் சொன்னார், அவ்வளவே.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, வணிகராக அன்றித் தனியாளாக விற்பவர், தாம் சொன்ன விவரணத்துக்குப் பொருள் ஒத்திருப்பதற்குப் பொறுப்பு. பொருளின் தரத்துக்கு வணிகருக்குள்ள பொறுப்பு அவர்க்கில்லை. பொய் சொல்லி விற்றால் 1967ஆம் ஆண்டின் சட்டமொன்று பிடிக்கும். 2006ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து ஆணை, விலங்குக்குக் காயமோ தேவையற்ற துன்பமோ நேரத்தக்க வகையில் அதனைக் கொண்டுசெல்லலாகாது என்கிறது. ஆனால் அக்கடமை கொண்டுசெல்பவர்க்கு உரியது. என் விளம்பரத்திலே தளத்தைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கணக்கெழுதிப் பழகிய என் மூளை, கூரைச் செலவையும் தளச் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்துக்கொண்டேயிருந்தது.

ஆசிரியரும் மாணவரும்

அந்நாள்களில், இளமையில் படித்த ஒரு விவாதம் நினைவுக்கு வந்தது. உரோமாபுரிப் பேச்சாளர் சிசெரோ, கி.மு. 44ஆம் ஆண்டில், தம் மகனுக்குக் கடமைகளைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியிலே இரு வழக்குகள் வருகின்றன. ரோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேருகிறார். தமக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவர் கண்டவர். அதனைச் சொன்னால் விலை விழும், சொல்ல வேண்டுமா? மற்றைய வழக்கு வீடு ஒன்றைப்பற்றியது. அறைதோறும் பாம்பு, உக்கிய மரம், இடிந்து விழும் நிலை. உரிமையாளனைத் தவிர வேறெவரும் அறியார். வாங்க வருபவனிடம் சொல்ல வேண்டுமா?

ஸ்தோயிக்கத் தத்துவஞானி பாபிலோனிய தியோஜனிஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னாற் போதும் என்றார். வாங்கு என்று எவரும் வற்புறுத்தவில்லை. சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் வாதம். அவரின் மாணவர் அந்திப்பாத்தர் மறுத்தார். வழி தவறியவனுக்கு வழிகாட்டாதிருப்பதே குற்றமெனில், அறிந்துகொண்டே ஒருவனைத் தவறான வழியில் விடுவது அதனிலும் கொடிது என்றார். சிசெரோ மாணவரின் பக்கமே சாய்ந்தார். பிறர் அறிந்தால் நன்மை பெறக்கூடியதைத் தன் இலாபங்கருதி அவர் அறியாதிருக்க விரும்புவதே மறைத்தல் என்று அவர் வரையறுத்தார்.

நம் பட்டினப்பாலையையும் எடுத்துப் பார்த்தேன். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழியாக வந்திறங்கும் குதிரைகளைக் காட்டும் அதே பாட்டு, பழிக்கு அஞ்சி மெய் பேசி, கொள்வதை மிகுத்துக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரையும் காட்டுகின்றது. இரண்டாயிரம் ஆண்டாகச் சனிக்கிழமை வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருந்திருக்கின்றனர். நானும் அவர்களில் ஒருவன்.

ஆயின் உரோமர் வழக்கிலும் நம் பாட்டிலும் விற்பவர், வாங்குபவர் என இருவரே உள்ளனர். வாங்குபவர் குனிந்து பார்க்கலாம், கேட்கலாம், விலை பேசலாம், ஏமாந்தால் வழக்கிடலாம். என் வழக்கிலே மூன்றாவது ஒருவர் உண்டு. தளத்தின்மேல் நிற்கப் போகும் அவர் விலை பேச வரமாட்டார். விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லமாட்டார். இருவர் பேசி முடித்த பேச்சின்மேல் அவர் வந்து நான்கு கால்களை ஊன்றி நிற்பார். வாங்குபவரின் பொறுப்பு என்னும் சந்தைச் சொல் வாங்குபவருக்குப் பொருந்தலாம். இந்த மூன்றாமவருக்கு எப்படிப் பொருந்தும்?

இவ்வளவையும் எண்ணியபின் மனிதன் தெளிந்துவிட வேண்டும். நான் தெளியவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மனைவியிடம் ஆலோசனை கேட்பவன்போல், தச்சர் கேட்ட தொகையைச் சொன்னேன். அவள் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “இஞ்சாருங்கோ, பார்லியின்ர காலை மறந்துபோனியளோ?” என்றாள். “அப்ப அக்கான்ர கூரை?” என்றேன். “கூரை ஒழுகினால் அக்கா வாளி வைப்பா” என்று சொல்லிவிட்டு, நறுக்கிய மரக்கறியைச் சட்டியிலே போட்டாள். அதற்கும் நான் விடை சொல்லவில்லை. புதிய விரிப்பை வாங்கவுமில்லை, பலகையைத் திருத்தவுமில்லை. பழைய விரிப்பை மீண்டும் விரித்துவிட்டேன். தீர்மானம் செய்யாதிருப்பதும் ஒரு தீர்மானமே என்பதை அறியாதவனல்லன்.

திருப்புளி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆங்கிலப் பெண்மணி பதின்மூன்று வயது மகளோடு சபோக் மாகாணத்திலிருந்து வந்தார். வைத்தியசாலையில் வேலை. 1993இல் ஓட்டுநர் சோதனையிலே தேறியவராதலால் இவ்வகை லொறியை ஓட்டும் உரிமை அவருக்கு உண்டு. கருத்தோடு பார்த்தார். சில்லுகளின் பக்கத்திலே பொறித்திருந்த நான்கு எண்களைப் படித்து, அவை செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் கணக்கிட்டார். வண்டியின் வெற்று எடையைக் கேட்டு, இரண்டு குதிரையும் சேணமும் வைக்கோலும் தண்ணீரும் ஏற்றினால் எல்லைக்குள் நிற்குமா என்று கூட்டிப் பார்த்தார். எஞ்சினை இயக்கிக் கேட்டார். பின்பாலத்தைத் தாமே இறக்கி ஏற்றிப் பார்த்தார். எல்லாம் அவர்க்குப் பிடித்தன. தளத்தைப்பற்றி மட்டும் கேட்கவில்லை. நானும், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில் இப்படித்தான் கேளாமல் நின்றேன்.

நாங்கள் பாலத்தின் அடியிலே நின்று விலை பேசினோம். அந்தச் சிறுமி உள்ளே ஏறி, பின்புறத்து இடப்பக்க மூலையில் போய் நின்றாள். “அம்மா, இவனை இங்கே நிறுத்தலாம், இங்கிருந்து வெளியே பார்க்கலாம்” என்று சொல்லி, குதிரை நிற்பதுபோலக் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

“பிள்ளை, அங்கே நில்லாதே!”

சொன்னது நான்தான். உரத்தே சொல்லிவிட்டேன், சிறுமி திடுக்கிட்டு விலகினாள். அவள் எடைக்கு அப்பலகை முறிந்திராது. அதை நான் அறிவேன். ஆயினும் சிசெரோவையும் பட்டினப்பாலையையும் படித்துவிட்டும் வாய் திறவாதவன், ஒரு பிள்ளையின் காலைக் கண்டவுடன் வாய் திறந்துவிட்டேன். தாய் என்னைப் பார்த்தார். இனிச் சொல்வதற்கு ஒன்றே இருந்தது. உள்ளே ஏறி விரிப்பைச் சுருட்டினேன். கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து அவர் கையிலே கொடுத்து, “இங்கே குத்திப் பாருங்கள்” என்றேன். குத்தினார். கைப்பிடிவரை இறங்கிற்று.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. தச்சர் கேட்ட தொகையைச் சொன்னேன். திருத்தித் தருவதாயும் சொன்னேன். அவர் திருப்புளியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது சுட்டது. என்னிடம் விடை இல்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி, மகளின் தோளில் கைவைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மை சொன்னவனுக்கு உடனே நன்மை விளைந்தது என்று முடிப்பது கதைக்கு அழகு. எனக்கு அவ்வாறு நேரவில்லை. மறுநாளே தச்சரை அழைத்தேன். உக்கிய பலகைகளும் சட்டங்களும் போய்ப் புதியன வந்தன. ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்தேன். வேலை முடிந்ததும் அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசியிலே சொன்னேன். அவர் நன்றி கூறி, வேறோர் இடத்தில் லொறி வாங்கிவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஏமாற்றம்தான். ஆயினும் கேளாமலிருக்க முடியவில்லை: “அந்த வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா?”

“முதலில் அதைத்தான் பார்த்தேன்” என்றார் அவர்.

இந்த விற்பனையிலே எனக்குக் கிடைத்த முழு இலாபமும் அந்த ஒரு வாக்கியமே என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதங்களின் பின்னர், கேம்பிரிட்ஜ் பக்கத்து விவசாயி ஒருவர் 5,400 பவுணுக்கு லொறியை வாங்கினார். தச்சரின் கூலியைக் கழித்தால் எஞ்சியது 4,200. அக்காவின் கூரைக்கு அது ஒருவாறு போதுமாயிற்று; எங்கள் சேமிப்பிலிருந்தும் சிறிது சேர்க்க வேண்டியிருந்தது. அவரோடு நான் நடந்துகொண்ட முறை வேறு. அவர் சில்லைப் பார்க்கக் குனியுமுன்னரே விரிப்பைச் சுருட்டித் திருப்புளியை நீட்டினேன். பழைய பலகையின் படங்களையும் புதியதன் படங்களையும் காட்டினேன். அவர் புதிய பலகையிலும் இரண்டிடத்தில் குத்திப் பார்த்தார். “மன்னியுங்கள்” என்றார். “குத்துங்கள்” என்றேன்.

அக்காலத்துக் குதிரை வணிகத்திலே கயிறு மாறுதல் என்றொரு வழக்கம் உண்டு. விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் கயிறு மாறியதும் விற்பனை முடிந்தது. மதுரையிலே நரிப்பரிகளும் கயிறு மாறித்தான் கொடுக்கப்பட்டன. அன்றிரவு அவை நரியானபோது, விற்றவர் அங்கே இல்லை. அது இறைவனின் திருவிளையாடல். நாம் கேள்வி கேட்பதற்கில்லை. மனிதர் விற்கும் விற்பனையிலோ, கயிறு மாறுமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். இக்காலத்திலே கயிற்றுக்குப் பதிலாகச் சாவியும் பதிவுப் பத்திரமும் கைமாறுகின்றன. வேறு மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விவசாயி அன்றே லொறியைக் கொண்டுபோனார். பண்ணையிலிருந்து தாம் வாங்கியிருந்த ஒரு கறுப்புக் குதிரையையும் அதிலேயே ஏற்றிச் செல்ல எண்ணியிருந்தார். நான் பாலத்தை இறக்கிக் கொடுத்தேன். குதிரை பாலத்தின் அடியிலே வந்து நின்றது. கழுத்தைத் தாழ்த்திப் பலகையை மோந்தது. முன்னங்காலைத் தூக்கி, பாலத்தின்மேல் ஒருமுறை தட்டியது, நின்றது, மீண்டும் ஒருமுறை தட்டியது. குதிரைகள் இப்படித்தான் செய்யும். பதினைந்து ஆண்டுகளாகப் பார்லியும் இப்படித் தட்டித் தயங்கியதைப் பார்த்து, நேரமாகிறது என்று பொறுமையிழந்து நின்றவன் நான். அது கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி அதுவென்று அன்றுதான் விளங்கிற்று.

விவசாயி கயிற்றை இழுக்கவில்லை. காத்திருந்தார். குதிரை மூன்றாம் முறை காலை ஊன்றி, உள்ளே ஏறிச் சென்று, பின்புறத்து இடப்பக்க மூலையிலே நின்றது.